புதுப்பிப்பு: அப்பாவின்ர சைக்கிள் வந்திட்டுது

அப்பா போனதைப் பற்றிப் போன மாதம் எழுதேக்க, அவற்ற பழைய ரலி சைக்கிளைத் திருகோணமலையில எந்தக் கடையிலயும் காணேல்லை எண்டு புலம்பியிருந்தன். கிடைச்சிட்டுது.

அப்பாவின்ர அந்தியேட்டிக் காரியத்துக்கு முதல் நாள், கோட்டை வாசலடியில கடலை விக்கிற தம்பி உருட்டிக்கொண்டு வந்தான். "ஐயா ரெண்டு நாளைக்கெண்டு தந்தவர், அண்ணை." எப்ப? ரெண்டு வருசத்துக்கு முதல்! திருப்பிக் குடுக்கப் போனா, "எனக்குத் தொந்தி குறையவேணும், நீயே ஓடு" எண்டு கலைச்சுவிடுவாராம். எங்களிட்ட மட்டும் "செயின் அறுந்து கடையில கிடக்கு" எண்டவர். கள்ளன்.

பின் கரியரில அவற்ற சாரத்துண்டு இன்னும் சுத்தினபடி. 2004 சுனாமிக்குப் பிறகு, என்னை ஏத்திக்கொண்டு போகக் கட்டினது. அண்டைக்கு வீட்டுச் சாமான் முழுக்கக் கடலோட போக, மனுசன் அதைத் திரும்பியும் பாக்கேல்லை, தலையைத்தான் எண்ணினவர். ஆறு பேருக்கு ஏழு வந்தது. பக்கத்து வீட்டு ஆட்டையும் சேர்த்து எண்ணிப்போட்டார். பிறகு அந்த ஆட்டுக்கும் எங்கட பாணில பங்கு.

கன்னியா வெந்நீரூற்றடியில காரியம் முடிச்சு வந்து, சைக்கிளைத் தம்பியிட்டயே குடுத்திட்டம். பெல்லை மட்டும் அம்மா கழட்டி வச்சிருக்கிறா.