புதுப்பிப்பு: மலைப்பகுதியில் தற்காலிக நில அதிர்வு நிலையங்கள்

மலைத்தொடர் முழுவதும் தற்காலிக நில அதிர்வுமானிகளை எங்கெங்கே நிறுவலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது இடத்தேர்வு முடிந்து, கருவிகள் பதிவுசெய்யத் தொடங்கிவிட்டன. ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் ஆல்ப்அரே திட்டம் 600-க்கும் மேற்பட்ட நிலையங்களைச் சுமார் 50 கிலோமீட்டர் இடைவெளியில் பரப்பியிருந்ததை முன்மாதிரியாகக் கொண்டபோதும், சீரான இடைவெளியைவிடப் பாறையின் உறுதிக்கே முதலிடம் கொடுத்தோம். தளர்ந்த மண்ணில் வைத்த கருவி, காற்றில் ஆடும் மரங்களின் அதிர்வையும் வெப்பநிலை மாற்றத்தால் நிலம் மிக நுட்பமாகச் சாய்வதையும் சேர்த்தே பதிவுசெய்வதால், நீண்ட அலைவுக்காலச் சமிக்ஞைகள் (மெதுவாக அலையும் அதிர்வுகள்), குறிப்பாகக் கிடைமட்ட அசைவைக் காட்டும் கூறுகளில், இரைச்சலில் மூழ்கிவிடும். கருவிகளை வைத்த குழிகளுக்கு வெப்பக்காப்பு இட்டு, பனி தங்காதபடி சூரியத் தகடுகளைச் செங்குத்தாக நிறுத்தினோம். பதிவுகளின் நேரத்தைத் துல்லியமாகக் குறிக்க ஜிபிஎஸ் போதும். திசைதான் கவலை: காந்தத்தன்மையுள்ள பாறைகளுக்கு அருகில் திசைகாட்டியை நம்ப முடியாது என்பதால், தொலைதூர நிலநடுக்கங்களிலிருந்து நிலத்தின் மேற்பரப்பு வழியே பரவிவரும் ரேலே அலைகளைக் கொண்டு ஒவ்வொரு கருவியின் வடதிசையையும் சரிபார்த்துவருகிறோம்.