ஒரே களைக்கொல்லி, ஒரு செடி சாகிறது, பக்கத்துச் செடி சிரிக்கிறது: ஏன்?

வணக்கம். மக்காச்சோளம் விதைத்த மூன்றாம் நாள் அட்ரசின் என்ற களைக்கொல்லியைத் தெளித்தேன். சாரணைக் களை முளைத்த வேகத்தில் கருகிவிட்டது. மக்காச்சோளத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. கோரையோ, மருந்தா, எங்கே என்று கேட்கிற மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. வரப்போரம் ஊன்றிய அவரையில் மட்டும் அடி இலைகளின் விளிம்பு மஞ்சளாகி, நரம்பு பச்சையாகவே இருக்க, ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டு வருகிறது.

கொஞ்சம் படித்துப் பார்த்தேன். அட்ரசின் ஒளிச்சேர்க்கையில் டி1 என்ற புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டு, அந்த வேலையையே நிறுத்திவிடுகிறதாம். அந்தப் புரதம் மக்காச்சோளத்திலும்தானே இருக்கிறது! ஆனால் அதன் இலையில் உள்ள ஒரு நொதி, மருந்தைச் செடிக்குள்ளேயே இருக்கும் குளூட்டாதயோன் என்ற சேர்மத்தோடு கோத்து, அங்கே போய்ச் சேரும் முன்பே செயலிழக்கச் செய்துவிடுகிறது. நெல், புரோப்பனில் என்ற களைக்கொல்லியைத் தாங்குவதும் இப்படித்தான், வேறொரு நொதியால். சில பூச்சிமருந்துகள் அந்த நொதியை முடக்குவதால், சேர்த்து அடித்தால் நெல்லே கருகும். அது வரை சரி.

கோரைதான் புரியவில்லை. அதுவும் மருந்தை உடைக்கிறதா, அல்லது மண்ணுக்கடியில் இருக்கும் கிழங்கின் பலத்தில் திரும்பத் திரும்பத் துளிர்க்கிறதா? இலையின் மெழுகுப் பூச்சு, வேரின் ஆழம் இதெல்லாம் எவ்வளவு கணக்கில் வரும்?

அப்புறம், அவசரமான கேள்வி: அவரை தேறுமா, பிடுங்கிவிடலாமா? புதுத் துளிர் இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.