புதுப்பிப்பு: ரோட்டவேட்டரின் இணைப்புப் பின்னிலிருந்து (pin) லாக் பின் கழன்று விழுந்த சிக்கல் தீர்ந்தது

மினி டிராக்டரின் பின்புறம் கருவியைத் தூக்கும் இரு கீழ்க்கைகளில், மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரைப் பிடித்திருக்கும் இணைப்புப் பின்னிலிருந்து, கை நழுவாமல் தடுக்கும் லாக் பின் உழவின் நடுவே அடிக்கடி கழன்று விழுகிறது என்று இங்கு எழுதியிருந்தேன். பதில் அளித்த அனைவருக்கும் நன்றி.

அதுவரை நான் மாட்டியிருந்தது வளைத்த ஆணியும் கட்டுக்கம்பியும்தான் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். முதலில், பலரும் சொன்னபடி, வளையம் வைத்த 11 மி.மீ. லாக் பின்களை வாங்கி மாட்டினேன். அரை நாள் நின்றன. பிறகு ஒன்று வளையம் திறந்து விழுந்தது.

பலித்தது, இணைப்புப் பின்னின் விட்டத்தையும், அது நுழையும் கை முனை உருண்டையின் துளையையும் அளந்து பார்க்கச் சொன்ன நண்பரின் யோசனையே. இணைப்புப் பின், முதல் வகைக்குரிய (சிறிய டிராக்டர்களின் இணைப்பு அளவு) 22 மி.மீ.; பழையதாக வாங்கிய என் டிராக்டரில் முன்பு யாரோ மாற்றிப் போட்டிருந்த கையின் துளையோ, அதைவிடப் பெரிய இரண்டாம் வகைக்குரிய 28 மி.மீ. அந்த 6 மி.மீ. இடைவெளியில் கை ஓயாமல் ஆடி, லாக் பின்னை இடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. துளையில் இடைவெளியை நிரப்பும் குழாய் போன்ற புஷ் போட்டு, உருண்டைக்கும் லாக் பின்னுக்கும் இடையே வாஷர் சேர்த்து, கைகள் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் பக்கச் சங்கிலிகளையும் இறுக்கிய பிறகு, மூன்று ஏக்கர் உழுதும் எதுவும் கழலவில்லை.

எதிர்பாராத ஒன்று: வலப்பக்கப் பின்னில் லாக் பின் நுழையும் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. பற்றவைத்துத் துளையிடலாம் என்றார் பட்டறைக்காரர். எடை தாங்கும் பின்னில் அந்தச் சிக்கனம் எனக்குச் சரியாகப் படாததால், பின்னையே புதிதாக மாற்றினேன்.

இவ்வளவும் ரோட்டவேட்டரைத் தரையில் இறக்கி, எஞ்சின் விசையைக் கருவிக்குக் கடத்தும் பி.டி.ஓ.வை விடுவித்து, எஞ்சினை நிறுத்திச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகே செய்தவை.