எச்லெட்ஜர்: உணவு + கார்டு + 500க்கு மேல், மூன்றும் சேர்ந்த பதிவுகளை மட்டும் எடுப்பது எப்படி?

வரவுசெலவு
டெர்மினலில் ஓடும் எச்லெட்ஜர் என்ற கணக்கு நிரலில் என் வரவுசெலவை வைத்திருக்கிறேன். 2024-25 நிதியாண்டில் கிரெடிட் கார்டில் கட்டிய உணவுச் செலவில் 500 ரூபாய்க்கு மேற்பட்டவை மட்டும் வேண்டும். கணக்குப் பெயர்கள் எல்லாம் தமிழில்தான் வைத்திருக்கிறேன். கட்டளைச் சொற்களை இங்கே ஒலிப்படி எழுதுகிறேன், டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்தில்தான் கொடுத்தேன் (பிரிண்ட் என்பது பதிவுகளைக் காட்டும் கட்டளை, அம்ட்: தொகை, டேட்: தேதி):

எச்லெட்ஜர் பிரிண்ட் செலவு:உணவு கடன்:கார்டு அம்ட்:>500 டேட்:2024-04-01..2025-03-31

திரையில் ஒரு பதிவும் வரவில்லை. வடிகட்டும் விதியில் தப்பா, கோப்பில் தப்பா?

முனையம்
முதலில் அந்த ஃபோல்டரில் ‘500’ என்ற பெயரில் புதிதாக ஒரு கோப்பு இருக்கிறதா பாருங்கள். மேற்கோள்குறி இல்லாத > குறியை எச்லெட்ஜர் பார்ப்பதே இல்லை. அதற்கு முன்பே, தட்டும் கட்டளையை முதலில் படிக்கும் ஷெல் அதைப் பிடித்து, வெளியீட்டை ‘500’ என்ற கோப்புக்குத் திருப்பிவிடும். < போட்டால் அதே பெயரில் ஒரு கோப்பைத் தேடி, இல்லை என்று பிழை காட்டும். அம்ட்:'>500' என்று ஒற்றை மேற்கோளுக்குள் கொடுங்கள். எண்ணில் காற்புள்ளி வேண்டாம்.

வரவுசெலவு
ஆமாம், ‘500’ கோப்பு இருந்தது, அழித்துவிட்டேன். மேற்கோள் போட்டதும் பதிவுகள் வருகின்றன, ஆனால் தப்பாக:
- கார்டில் போட்ட பெட்ரோலும் வருகிறது.
- உணவு 320, வீட்டுச் சாமான் 930 என்று ஒரே பில்லாக உள்ள பதிவும் வருகிறது.
- ஓட்டலில் ₹1,250 கட்டிய பதிவு வரவே இல்லை.
- மார்ச் 31 அன்று எழுதிய எதுவும் இல்லை.

பேரேடு
நான்குக்கும் காரணம் வேறு வேறு.

பெட்ரோல்: முன்னொட்டு இல்லாமல் இரண்டு கணக்குப் பெயர் கொடுத்தால் ‘இதுவோ அதுவோ’ என்றுதான் பொருள். கார்டு தொட்ட எல்லாமே வரும். நிபந்தனைகளை இணைக்க உதவும் எக்ஸ்பர்: போட்டு நடுவில் அண்ட் (‘இதுவும் அதுவும்’) கொடுத்தால் பிரிண்ட்டில் சரியாகும். அதையே, வரிவரியாகப் பட்டியலிடும் ரெஜ் கட்டளையில் கொடுத்தால் ஒன்றும் வராது. ஒரு பதிவில் கணக்குக்கு ஒன்றாகப் பல வரிகள் இருக்கும். பிரிண்ட் முழுப் பதிவையும் பார்க்கிறது, ரெஜ்ஜும், இருப்பைக் காட்டும் பேலன்ஸ் கட்டளையும் ஒவ்வொரு வரியாகப் பார்க்கின்றன. ஒரு வரி ஒரே நேரத்தில் உணவாகவும் கார்டாகவும் இருக்க முடியாதே. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் வடிகட்டலில் பாதிக் குழப்பம் தீரும்.

320 ரூபாய்: அதே வித்தியாசம்தான். பிரிண்ட்டுக்கு, பதிவில் எங்கோ உணவு இருந்தால் போதும், எங்கோ 500க்கு மேல் இருந்தால் போதும். இங்கே வீட்டுச் சாமான் வரியின் 930 பொருந்திவிட்டது. கார்டு வரியின் -1250கூடப் பொருந்தும், ஏனென்றால் குறி இல்லாத எண்ணைக் கொடுத்தால் கூட்டல் கழித்தலை விட்டுவிட்டு அளவை மட்டுமே ஒப்பிடும்.

ஆகவே வேலையை இரண்டாகப் பிரியுங்கள். கார்டு தொட்ட பதிவுகளை முழுதாக எடுத்து, அதற்குள் உணவு வரிகளை மட்டும் வடிகட்டுங்கள்:

எச்லெட்ஜர் பிரிண்ட் கடன்:கார்டு டேட்:2024-04-01..2025-04-01 | எச்லெட்ஜர் -எஃப்- -ஐ ரெஜ் செலவு:உணவு அம்ட்:'>500'

நடுவிலுள்ள | குழாய், முதல் பாதியின் வெளியீட்டை அடுத்த பாதிக்கு அனுப்புகிறது; ‘-எஃப்-’ அதைப் படிக்கச் சொல்கிறது. ‘-ஐ’ பெரிய எழுத்து, இருப்புச் சரிபார்ப்பைத் தவிர்க்கச் சொல்வது. கோப்பில் இருப்புச் சரிபார்ப்பு வரிகள் எழுதியிருந்தால் அது கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால், முந்தைய பதிவுகள் வடிகட்டலில் போய்விட்டதால் இருப்பு ஒத்துப்போகாமல் பிழையில் நின்றுவிடும். திருப்பிக் கொடுத்த பணம் கழித்தலில் எழுதப்பட்டிருந்தால் அதுவும் பட்டியலில் வரும். வேண்டாம் என்றால் '>+500' என்று கூட்டல் குறியோடு கொடுங்கள்.

புதிய பதிப்பில் எனி: இருக்கிறது. உணவையும் தொகையையும் அதன் பின்னால் ஒரே மேற்கோளுக்குள் கொடுத்தால், இரண்டும் ஒரே வரியில் பொருந்தினால்தான் பதிவை எடுக்கும். எனக்குக் குழாய் வழிதான் பிடிக்கும். முதல் பாதியைத் தனியே ஓட்டிக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 31: முடிவுத் தேதி கணக்கில் சேராது. ஏப்ரல் 1 என்று கொடுக்க வேண்டும், மேலே மாற்றியிருக்கிறேன்.

முனையம்
₹1,250 தான் இதில் ஆபத்தானது, தனியாகச் சொல்கிறேன். எண்ணில் ஒரே ஒரு காற்புள்ளி இருந்து, புள்ளி இல்லாவிட்டால், எச்லெட்ஜர் அதைத் தசமக் குறியாக எடுத்துக்கொள்ளும். உங்கள் ஓட்டல் பில் அதற்கு ஒன்றேகால் ரூபாய்! எல்லா வரியும் அதேபோல் சுருங்குவதால் பதிவு சமமாகவே இருக்கும், பிழையும் வராது. 1,25,000 என்பதில் இரண்டு காற்புள்ளி, 1,250.00 என்பதில் புள்ளி. அவற்றைச் சரியாகப் படிக்கும். அதனால்தான் பெரிய தொகைகள் சரியாகத் தெரிந்து, ஆயிரங்கள் மட்டும் காணாமல் போகின்றன.

கோப்பின் தலையில், முதல் பதிவுக்கு மேலே, எண்ணை எப்படிப் படிப்பது என்று சொல்லும் இந்த வரியைச் சேருங்கள்:

கமாடிட்டி ₹1,00,00,000.00

பிறகு கார்டு இருப்பை ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிடுங்கள். பிரிண்ட் வெளியீட்டில் ‘₹1,250.’ என்று கடைசியில் வெறும் புள்ளி தெரிந்தால் அதை நீக்காதீர்கள். குழாயின் மறுபக்கம் 1250 என்றே படிக்கப்பட வேண்டும் என்பதற்காகப் போடப்படுவது அது.

வரவுசெலவு
நான்கும் சரியாகிவிட்டன, மிக்க நன்றி. இன்னொன்று: பால் வாங்கிய செலவைப் பார்க்க ‘ரெஜ் பால்’ கொடுத்தால் கடன்:கோபால் கணக்கும் வருகிறது. அதை விலக்க நாட்:கோபால் சேர்த்தால் போதுமா?

பேரேடு
ரெஜ்ஜில் போதும். பிரிண்ட்டில் வேண்டாம், கோபால் வரி இருந்தால் முழுப் பதிவையும் தள்ளிவிடும், அதிலுள்ள பாலும் சேர்ந்து போகும். கொடுத்த எழுத்துகள் பெயரின் நடுவில் வந்தாலும் பொருந்தும் என்பதால்தான் கோபால் வருகிறார். '^செலவு:பால்$' என்று தொடக்கமும் முடிவும் கட்டிக் கொடுங்கள்.