புதுப்பிப்பு: பொட் திறக்கிற புல் ரிக்குவெஸ்டில் டெஸ்ட் ஓடத் தொடங்கிவிட்டது

போன கிழமை கேட்டிருந்தேனே, மட்டக்களப்பில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து செய்கிற பஸ் நேர ஆப்புக்கு கோட் வைத்துச் சேர்ந்து வேலை செய்கிற தளமான கிட்ஹப்பில் ஒரு பொட் (தானாக ஓடுகிற நிரல்) வைத்தோம், நேரம் மாறினால் அதுவே தரவுக் கோப்பைத் திருத்தி புல் ரிக்குவெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) திறக்கிறது, ஆனால் அந்த மாற்றத்தைச் சரிபார்க்கிற டெஸ்ட் மட்டும் ஓடுவதே இல்லை என்று. சரி வந்துவிட்டது.

என்ன வேலை எப்போது ஓட வேண்டும் என்று எழுதி வைக்கிற யாம்ல் கோப்பில் பிழை இல்லை. கிட்ஹப்பில் அந்த வேலைகளைத் தானாக ஓட்டுகிற வசதியான ஆக்‌ஷன்ஸ் தானாகத் தருகிற டோக்கனால் (அனுமதிச் சாவியால்) பொட் புல் ரிக்குவெஸ்ட் திறந்தால் டெஸ்டை ஓட்டுகிற அடுத்த வேர்க்ஃப்ளோ தானாகக் கிளம்பாது. பொட் தன்னையே எழுப்பி எழுப்பி முடிவில்லாமல் சுற்றக் கூடாது என்று வேண்டுமென்றே வைத்த தடை. கல்முனைத் தம்பி ஒருவர் பதிலில் சொன்னபடி தனியாக ஒரு கிட்ஹப் ஆப் (எந்த ஆளுக்கும் சொந்தமில்லாமல் பொட்டுக்கென்றே ஒரு அடையாளம்) பதிந்து, கோப்புகளுக்கும் புல் ரிக்குவெஸ்டுக்கும் மட்டும் எழுத அனுமதி கொடுத்து, அதன் டோக்கனை மாட்டினேன். பச்சை டிக் விழுந்தது. ஒருவருடைய சொந்த டோக்கனைப் போட்டாலும் நடக்கும்தான், ஆனால் அவர் கொழும்பில் வேலை கிடைத்துக் கிளம்பினால் பொட்டும் கூடவே போய்விடும், எனக்கு அதில் விருப்பமில்லை. ஆப் டோக்கன் ஒரு மணி நேரத்தில் காலாவதியாகிவிடும், அதுவும் நல்லதுதான்.

க்ரான் (பொட் எத்தனை மணிக்கு ஓட வேண்டும் என்கிற அட்டவணை வரி) பற்றிக் கேட்டவருக்கு: எங்கள் கோப்பில் அது யூடிசி நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். நமக்குக் காலை 6 மணிக்கு ஓட '30 0 * * *', அதாவது யூடிசி 0:30, என்று போட்டிருக்கிறோம். சில நாள் பிந்தித்தான் ஓடுகிறது. எல்லாரும் பார்க்கக்கூடிய பொது ரிப்போ (கோட் களஞ்சியம்) என்றால் இன்னொன்று, 60 நாள் ஒரு அசைவும் இல்லாவிட்டால் கிட்ஹப் அந்த அட்டவணையை நிறுத்திவிடும்.