குறைந்த செலவு லிவ்அபோர்ட்: எதில் மிச்சம் பிடிக்கலாம்?

கேள்வி: 6 நாள் லிவ்அபோர்ட் (படகுலயே தங்கி, கடலுக்குள்ள டைவ் அடிக்கிற பயணம்), பட்ஜெட் படகு. எதைச் சொந்தமா எடுத்துட்டுப் போகணும்?

பதில் 1: மாஸ்க், டைவ் கம்ப்யூட்டர் (ஆழம், நேரத்தைக் கணக்கு வைக்கிற கருவி). தினமும் 3, 4 டைவ். உடம்பில் சேரும் நைட்ரஜன் கணக்கு கம்ப்யூட்டர்லதான் இருக்கு, நடுவுல மாத்தினா கணக்கு போச்சு. தண்ணி 28 டிகிரின்னாலும் மூணாம் நாள் குளிரும், 3 மி.மீ. வெட்சூட் (குளிர் தாங்கும் டைவ் உடை) எடுங்க.

பதில் 2: கட்டணத்தில் நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலா உள்ள சிலிண்டர் காத்து), கடல் பூங்காக் கட்டணம், வாடகைக் கருவி அடங்குமான்னு முதல்லயே கேளுங்க. மலிவு விலை அங்கதான் ஏறும். நைட்ராக்ஸ்ல ஆக்சிஜன் 32 சதவீதம்னா, ஆக்சிஜன் அழுத்தம் 1.4 பார்ங்கிற கணக்கில் 33 மீட்டர் ஆழம்தான் எல்லை. சிலிண்டரை நீங்களே ஆக்சிஜன் அனலைசர்ல அளந்து பாருங்க, அடுத்தவர் எழுதின எண்ணை நம்பாதீங்க.

பதில் 3: சிலிண்டர் வால்வு ஓ-ரிங் (காத்து கசியாம அடைக்கிற ரப்பர் வளையம்) வெடிப்பு விட்டிருந்தா திறந்ததும் காத்து சீறும், நாலு உதிரி வெச்சுக்கோங்க. ஏறினதும் கேபினுக்கு ரெண்டு வெளியேறும் வழி இருக்கான்னு நடந்து பாருங்க. லித்தியம் பேட்டரியைத் தூங்கும்போது சார்ஜ் போடவே போடாதீங்க. கடைசி டைவுக்கு அப்புறம் விமானம் ஏறக் குறைஞ்சது 18 மணி நேரம் இடைவெளி விடுங்க.