தலைவர்கள் கூடிப் பேசுகிறோம், நல்ல யோசனை அடுத்த பகுதிக்குப் போய்ச் சேரவில்லை. எங்கே பிசகு?

கிழக்குவாசல் (கேள்வி):

வணக்கம். ஒன்பது குடியிருப்போர் சங்கங்களின் தலைவர்கள் மாதம் ஒரு ஞாயிறு கூடுகிறோம். ஒன்றரை வருடமாக நடக்கிறது, கூட்டத்தைக் கூட்டுவது என் பொறுப்பு. ஆளுக்குப் பத்து நிமிடம் தங்கள் பகுதியில் செய்ததைச் சொல்வார்கள், மற்றவர்கள் குறித்துக்கொள்வார்கள். அதோடு சரி.

ஒரு சங்கத்தில், தனியாக வாழும் முதியவர்களைத் தினமும் காலையில் பக்கத்து வீட்டார் விசாரிக்கும் ஏற்பாடு இருக்கிறது. கீழே விழுந்து எழ முடியாமல் கிடந்த ஒரு பாட்டியை அப்படித்தான் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துக் காப்பாற்றினார்கள். அந்தத் தலைவர் இதைச் சொன்னபோது பலருக்குக் கண் கலங்கியது. நான் அவரிடம் விவரம் கேட்டு, இரண்டு பக்கம் தட்டச்சு செய்து எல்லோருக்கும் கொடுத்தேன். எங்களையும் சேர்த்து மூன்று சங்கங்கள் தொடங்கினோம். இரண்டாவது வாரமே படுத்துவிட்டது. தினமும் ஃபோன் வருவது பெரியவர்களுக்கே பிடிக்கவில்லை. "நான் இருக்கேனா போயிட்டேனான்னு பார்க்கறீங்களா?" என்று ஒரு தாத்தா கேட்டுவிட்டார்.

போன மாதம் எங்கள் பகுதியில் ஒருவர் இறந்தது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதனால் இதை விட மனமில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மாலைவெயில்:

கூட்டம் முடியும்போது ஒரே ஒரு கேள்வியை ஆளுக்கு ஆள் கேட்டுப் பாருங்கள்: "திரும்பிப் போய் நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள்?" அமெரிக்காவின் டென்னசியில் 1932-இல் தொடங்கிய, மக்களைத் திரட்டுகிறவர்களுக்குப் பயிற்சி தந்த ஹைலேண்டர் நாட்டுப்புறப் பள்ளியில் இது வழக்கமாக இருந்தது. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் பின்னால் பெரும் பெயர் பெற்ற ரோசா பார்க்ஸ் 1955 கோடையில் அங்கே ஒரு பயிலரங்கில் இருந்தார். என் ஊரான மாண்ட்கோமரியில் பெரிதாக எதுவும் நடக்காது, இளைஞர் குழுவோடு என் வேலையைத் தொடர்வேன் என்பதுதான் அவர் சொன்ன பதில். அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று பேருந்தில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்தார். சின்னப் பதிலாக இருந்தாலும் வாயைத் திறந்து சொல்ல வையுங்கள்.

நடைபாதை:

மேலே சொன்னது நல்ல யோசனை. ஆனால் உங்கள் சிக்கல் அங்கே இல்லை என்று நினைக்கிறேன். மூன்று சங்கங்கள் தொடங்கியே விட்டார்களே! செய்ய மனம் இருந்தது, செய்யும் விதம்தான் வந்து சேரவில்லை.

நான் பெண்களின் சேமிப்புக் குழுக்களோடு இருபது வருடம் வேலை பார்த்தவள். ஜோக்கின் அற்புதம் பெயரைக் கேட்டிருப்பீர்கள். கோலார் தங்கவயலில் பிறந்து பம்பாய் போய்க் குடிசைவாழ் மக்களை அமைப்பாகத் திரட்டியவர், 2000-இல் மகசேசே விருது பெற்றவர். பம்பாய் நடைபாதைகளில் வாழ்ந்த பெண்கள் 1986-இல் மகிளா மிலன் என்று சேர்ந்தார்கள். தினமும் காசு சேர்ப்பது, குடிசைகளைத் தாங்களே கணக்கெடுப்பது, வீடு எப்படி வேண்டும் என்று கழியும் துணியும் கட்டி முழு அளவில் நிறுத்திப் பார்ப்பது எல்லாம் அவர்கள் கைவேலை. 1991-இல் தென்னாப்பிரிக்கக் குடிசைவாசிகளோடு தொடர்பு ஏற்பட்டபோது அறிக்கை எழுதி அனுப்பிவிட்டு நிற்கவில்லை. ஆட்களே இங்கிருந்து போனார்கள், அங்கிருந்து வந்தார்கள். நடைபாதையில் குடியிருந்த பெண்தான் ஆசிரியை. அந்தப் போக்குவரத்திலிருந்துதான் 1996-இல் பல நாட்டுக் குடிசைவாசிகளின் கூட்டமைப்பு உருவானது.

காசு வசூலிக்கப் போகும் பெண்ணோடு அரை நாள் நடந்தால் தெரியும். எந்த வீட்டில் வாசலில் நிற்க வேண்டும், எந்த வீட்டில் உள்ளே போய் உட்கார வேண்டும், காசு இல்லாத நாளில் அந்தம்மா முகம் வாடாமல் எப்படி நகர வேண்டும் என்று அவளுக்கு அத்துப்படி. ஆனால் கேட்டால் சொல்லமாட்டாள், "இதிலென்ன இருக்கு" என்பாள். தலைவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. அவரிடம் கேட்டுத்தான் நீங்கள் இரண்டு பக்கம் எழுதினீர்கள்.

காலையில் விசாரிக்கப் போகிறவர் யார்? அவரிடம் பேசினீர்களா?

ஆற்றங்கரை:

அந்தத் தாத்தா கேட்டது என்னை நிறுத்திவிட்டது. பெரு நாட்டில் லாஸ் மோலினோஸ் என்ற கிராமத்தில், 200 குடும்பங்களைத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் செய்ய ஒரு சுகாதாரப் பணியாளர் இரண்டு ஆண்டுகள் வீடு வீடாக ஏறி இறங்கினார். மாறியவர்கள் 11 இல்லத்தரசிகள் மட்டும். அந்த ஊரில் கொதித்த தண்ணீர் நோயாளிக்கு உரியது. நன்றாக இருப்பவர் அதைக் குடித்தால் தன்னை நோயாளி என்று ஒப்புக்கொண்ட மாதிரி. உங்கள் ஃபோன் அழைப்புக்கும் பெரியவர்கள் அப்படித்தான் பொருள் கொண்டிருக்கிறார்கள்.

தலைவர்களுக்கு வேலை இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். செனகலில் மாலிகுண்டா பம்பாரா கிராமத்துப் பெண்கள் 1997-இல், பெண்குழந்தைகளின் பிறப்புறுப்பை அறுக்கும் வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். பக்கத்து ஊர் இமாம் டெம்பா தியாவாரா ஒன்றைச் சொன்னார்: பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவு பல ஊர்களில் இருக்கும்போது ஒரு ஊர் மட்டும் தனியாக விட முடியாது. சொன்னதோடு நிற்காமல் உறவு இருந்த ஊர்களுக்கெல்லாம் நடந்தே போய்ப் பேசினார். 1998-இல் 13 கிராமங்கள் சேர்ந்து அறிவித்தன. உங்கள் தலைவர்கள் யாராவது முதியவர்களின் பிள்ளைகளிடம், உடன்பிறந்தவர்களிடம் பேசினார்களா?

கிழக்குவாசல்:

நடைபாதை அக்கா, நீங்கள் கேட்டதைப் படித்துவிட்டு நேற்று அந்தப் பகுதிக்கே போனேன். தலைவரைப் பார்க்கவில்லை. இந்த வேலையைச் செய்வது ஒரு தையல்கார அம்மா என்று தெரிந்தது.

அங்கே ஃபோனே கிடையாது! பெரியவர்கள் காலையில் எழுந்ததும் ஜன்னலில் ஒரு வண்ணத் துணியைத் தொங்கவிடுகிறார்கள், இரவில் எடுத்துவிடுகிறார்கள். ஏழரைக்குள் துணி தெரியாவிட்டால்தான் அந்த அம்மா போய்க் கதவைத் தட்டுகிறார். துணியெல்லாம் அவர் தைத்த மிச்சம். அவரவர் பிடித்த நிறத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்களாம். "அவங்கதானே எனக்குச் சேதி சொல்றாங்க, நான் எங்கே விசாரிக்கறேன்?" என்றார். இது எதுவுமே நான் தட்டச்சு செய்த இரண்டு பக்கத்தில் இல்லை. தலைவர் "தினமும் விசாரிக்கிறோம்" என்று சொன்னார், விசாரிப்பது என்றால் ஃபோன்தான் என்று நானே எழுதிவிட்டேன். அந்தத் தாத்தாவின் மனம் நொந்ததற்கு நான்தான் காரணம். அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

வரும் சனிக்கிழமை மூன்று சங்கங்களிலிருந்தும் இரண்டிரண்டு பெண்கள் அந்த அம்மாவோடு காலை ஆறு மணியிலிருந்து இருக்கப்போகிறார்கள். தாத்தாவும் வருகிறேன் என்றிருக்கிறார். ஆற்றங்கரை சொன்னபடி பிள்ளைகளிடம் பேசும் வேலையைத் தலைவர்கள் பிரித்துக்கொண்டோம். ஒரு சந்தேகம்: வருகிற பெண்களில் நான்கு பேர் தினக்கூலிக்குப் போகிறவர்கள். அன்றைய கூலி போய்விடுமே?

நடைபாதை:

சங்கப் பணத்திலிருந்து கொடுங்கள், முதல் நாளே கையில் கொடுங்கள். தையல்கார அம்மாவுக்கும் சேர்த்து. அவருக்கும் அன்று அரை நாள் மிஷின் ஓடாது.